எருமைக்கன்று அளவில் ஒரு நாய்

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆனி மாதத்தில் ஒரு காலை, திருத்தணியில் அக்கா வீட்டுக் கொல்லையில் எருமைகளுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தேன். அக்கா பால் கறந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"ஊரெல்லாம் சுத்தினியே, எருமைக்கன்னு அளவுக்கு எங்கனா ஒரு நாய் பாத்திருக்கியா?"

பார்த்திருந்தேன். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துரையின் பங்களாவில் விறகு பிளந்த நாட்களில் அங்கே ஒரு நாய் இருந்தது. நின்றபடியே சாப்பாட்டு மேஜையின்மேல் தாடையை வைத்துக்கொள்ளும். அதைச் சொன்னேன். அக்கா "ஆங்" என்றாள். பிறகு, "அந்த மாதிரி ஒண்ணு வேணும். பாப்பாவுக்கு" என்றாள்.

நான் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். பாப்பா என்பது அக்காவின் ஒரே மகள். ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் நாய் என்ற சொல்லையே யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது.

அக்காவுக்குப் பிழைப்பு எருமைகள்தான். மலையடிவாரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பாலும் தயிரும் ஊற்றுவாள். அவள் புருஷனை நான் பாவா என்று கூப்பிடுவேன். அரக்கோணத்தில் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வீட்டுக்கு வருவார். அதனால் அக்கா போகிற இடமெல்லாம் பாப்பாவும் கூடப் போவாள். பங்குனியில் ஒரு நாள் குளத்தங்கரைத் தெருவில் ஒரு வெறிநாய் பாப்பாவின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அக்கா தயிர்ப்பானையையே அதன் தலையில் போட்டு உடைத்துக் காலை விடுவித்திருக்கிறாள். பிறகு பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி. பதினான்கு நாள், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. படுக்கை ஒரு சத்திரத்து நடையில். இதையெல்லாம் மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலத்தான் அக்கா என்னிடம் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவன் நான். அதைப் பற்றி அவளும் ஒரு தடவைக்குமேல் கேட்டதில்லை.

காயம் ஆறிவிட்டது. வெறி ஏறவில்லை. ஆனால் பட்டணத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து பாப்பா வாசலைத் தாண்டவில்லை. வாசலில் மூன்று படிகள், அதற்குக் கீழே தெரு. முதல் படியில்கூடக் காலை வைக்கமாட்டாள். கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டாய்க்குப் போவதென்றாலும் அக்காவின் முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் போவாள். பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அக்கா பால் ஊற்றப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். பூட்டச் சொல்லிக் கேட்டதே பாப்பாதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பத்தாவது ஊசி போட்ட அன்று அக்கா மலையை நினைத்து வேண்டிக்கொண்டிருக்கிறாள். குழந்தை பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்குத் தன் காலால் நடந்து, தன் தோளில் காவடி வைத்துப் படியேறி வருவாள் என்று. தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்று பாவா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாராம். தன் காலால் என்று சொல்லியாகிவிட்டது என்று அக்கா அதோடு பேச்சை முடித்துவிட்டாள். வேண்டுதல் தீரும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது. கிருத்திகைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"நாய்க்குத்தானே பயப்படுது. நாயையே கொண்டாந்து வீட்ல வைக்கறதா?" என்றேன்.

"எருமைக்குப் பயப்படுதா? கொம்பு கீது. ஒதைச்சா எலும்பு போயிடும். கொட்டாய்க்குள்ள வந்துட்டா அதுங்க வயித்துக்குக் கீழ பூந்து இந்தாண்ட வருது." அக்கா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்குப் பயமெல்லாம் இந்த ஒசரத்துல வர்றதுதான். அதைத் தாண்டின நாயா இருந்தா அதுக்கு நாயா தெரியாது."

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். ஒரே இடத்தில் நின்று, இரண்டு எருமையை நாலாக்கி, தீவனம் கிடைக்காத வருஷத்தில் மறுபடி இரண்டாக்கி, குடும்பத்தை விழாமல் நடத்தியவள் அவள். ஒரு வாரத்துக்குமேல் எங்கேயும் தங்குவதில்லை என்ற பழக்கத்தை ஒத்திவைத்துவிட்டுத் தேடிப்பார்ப்போம் என்றேன்.

பாவா அந்த வாரம் வந்தபோது விஷயத்தைக் கேட்டுக்கொண்டே கை கால் கழுவினார். மனுஷனுக்கே அரிசியை அளந்து போடுகிற காலத்தில் இதற்குத் தனியாக ரேஷன் கார்டு எழுதிக் கொடுப்பார்களா என்று என்னைக் கேட்டார். அக்காவைக் கேட்கவில்லை. ஆனால் மறு நடை வரும்போது இரண்டு இடங்களை விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். பாவா அப்படிப்பட்டவர்.

முதலில் பள்ளிப்பட்டுக்குப் போனோம். அங்கே ஒரு நூல் வியாபாரி வீட்டில் ராஜபாளையத்து நாய்கள் இருப்பதாக எனக்குத் தெரிந்தவன் ஒருவன் சொல்லியிருந்தான். பெட்ரோல் கிடைக்காத காலம், கரிவாயுவில் ஓடும் பஸ். ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பஸ்ஸில் கரியடுப்பை விசிறுகிற வேலை பார்த்தவன் என்பதால், மேடு வந்ததும் யாரும் சொல்லாமலே இறங்கித் தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரம்மாவைப் பாப்பாவுக்குத் துணையாக உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

அந்த நாயைச் சங்கிலி எட்டாத தூரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். வால் நுனிவரை ஒரே வெள்ளை, ரோஜா நிற மூக்கு, கட்டிய சங்கிலியை இழுத்தபடி நிற்கும்போது தொடையில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. வேட்டைக்குப் போனால் பன்றியை விடாது என்று வியாபாரி சொன்னார். குட்டியா பெரியதா எது வேண்டும் என்று கேட்டார். அக்கா முற்றத்தில் இறங்கினாள். சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு ஒரு முழம் தள்ளி, நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எருமை வாங்கப் போனாலும் அவள் செய்வது இதுதான். எல்லோரும் மடியைப் பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள். அக்கா மாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். நாம் பார்க்கும்போது மாடு நடந்துகொள்வது வேறு, பார்க்காதபோது நடந்துகொள்வது வேறு என்பாள். சந்தையில் தரகர்கள் சிரிப்பார்கள். அவள் வாங்கிய எருமை எதுவும் உதைத்ததாக நான் கேட்டதில்லை.

வெள்ளை நாய் குரைத்தது. அக்கா ஒரு வெற்றிலை முழுதும் மென்று முடிக்கும்வரை குரைத்தது. குரல் கம்மியும் நிறுத்தவில்லை. அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். நல்ல நாய் என்று வியாபாரியிடம் மரியாதையாகவே சொன்னாள். திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம், அது வேலைக்காரன் மாதிரி, நம்ம வீட்டில் அதற்குக் கொடுக்க வேலை இல்லை, வேலை இல்லாமல் போனால் அது கெட்டுப்போய்விடும் என்றாள். இன்றைக்கும் நாய் வளர்க்க ஆசைப்பட்டு என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த வார்த்தைதான்.

இரண்டாவது நாய் பாவா விசாரித்தது, அரக்கோணத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில். ஓர் ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர் வைத்திருந்தார். அல்சேஷன். குடும்பத்தோடு கப்பல் ஏறப்போகிறார், கொண்டுபோக முடியாது. ஓநாய் போன்ற காது, தேன் நிறக் கண். அதன் புத்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த மனுஷர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் பெண்சாதி டீ கொடுத்தாள். அக்கா வழக்கம்போல வாசல் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நாய் சத்தமே இல்லாமல் வந்தது. பிடரியை முகர்ந்தது, கையை முகர்ந்தது, உடனே ஓடிப்போய் டிரைவரின் முகத்தைப் பார்த்தபடி நின்றது. மறுபடி வந்தது, மறுபடி போய் அவர் முகத்தைப் பார்த்தது.

"இது ஒருத்தருக்கு அடங்கி இருக்கணும்னு பொறந்தது" என்றாள் அக்கா, வெளியே வந்ததும். "என்ன செய்யட்டும் என்ன செய்யட்டும்னு கேட்டுகினே இருக்கும். பாப்பா இன்னா சொல்லும் அதுக்கு?"

நான் அந்த நாயை விட்டுவர மனமில்லாமல் வந்தேன். அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ரயில் பாலத்தின்மேல் நின்று ஒரு தடவை குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பாவா விசாரித்த இரண்டாவது இடம், அரக்கோணத்துக்கு வெளியே யுத்தத்துக்காகப் போட்ட விமான தளம். அன்று பாவாவும் எங்களோடு வந்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு துரை முன்பே போய்விட்டார். அவருடைய நாய் சமையல்காரரின் பொறுப்பில் இருந்தது. சமையல்காரர் ரேணிகுண்டாப் பக்கத்துக்காரர், அவரும் சொந்த ஊருக்குப் போகவேண்டும். தகரக் கொட்டகைக்குப் பின்னால் எங்களைக் கூட்டிப்போனார். மரத்தடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ படுத்திருந்தது. அது எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. எழுந்து முடிந்தபோது அதன் முதுகு என் இடுப்புக்கு மேலே வந்தது. கிரேட் டேன் என்று சமையல்காரர் சொன்னார். தலை மட்டும் ஒரு மரக்கால் அளவு இருந்தது. தொங்கும் உதடு, சோகமான கண்.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். அந்த நாய் யோசித்துக்கொண்டே நடந்து வந்தது. முகரவில்லை, குரைக்கவில்லை. அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, தன் முழுப் பாரத்தையும் அவள் முதுகில் சாய்த்தது. அக்கா முன்னால் குப்புற விழப்போய்க் கையை ஊன்றிக்கொண்டாள். அவள் சிரித்ததைப் பங்குனிக்குப் பிறகு அன்றுதான் பார்த்ததாகப் பாவா பின்னால் சொன்னார்.

அப்போது சமையற்கட்டுப் பக்கமிருந்து எலும்பு பொறுக்கும் தெருநாய்கள் இரண்டு வந்தன. இந்த நாயின் காலுக்குள் புகுந்து போகிற உயரம்தான். ஒன்று உறுமியது. உடனே அவ்வளவு பெரிய உடம்பு எழுந்து, அக்காவைச் சுற்றி வந்து, அவளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒளிந்துகொண்டது. சமையல்காரர் வெட்கப்பட்டார். மறைக்க விரும்பவில்லை என்றார். குட்டியில் இரண்டு தெருநாய்கள் சேர்ந்து கடித்துவிட்டன, அதிலிருந்து இப்படி, காவலுக்கு இது உதவாது என்று ஒப்புக்கொண்டார்.

"காவலுக்கு யாரு கேட்டது?" என்றாள் அக்கா. "கயித்தைக் குடுங்க."

ரயிலில் நாயைக் கொண்டுபோகும் பெட்டிக்குள் அதன் முன்பாதி மட்டும்தான் நுழைந்தது. அக்காவையும் பாவாவையும் வண்டியேற்றிவிட்டு நான் நடந்தே கொண்டுவந்தேன். நடப்பது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் வழியில் எந்த ஊர் முனையில் ஒரு நாய் குரைத்தாலும் இது கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிடும். சுற்றிச் சுற்றி வரப்பில் வந்தோம். எட்டு மைல் வழி பதினான்கு மைலாவது ஆகியிருக்கும். ஒரு வாய்க்காலைத் தாண்டப் பயந்து நின்றபோது அதன் முன்னங்கால்களைத் தோளில் போட்டுக்கொண்டு நான் தாண்டினேன். ரங்கூன் பாதையில் வழியோரப் பிணங்களின்மேல் நாய்களைப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு நாயைத் தொட்டதே அன்றுதான். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அதன்மேல் ஒரு மதிப்பு உண்டாயிற்று. பயந்ததே தவிர ஒரு தடவைகூட என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டவில்லை. பயப்படுகிற மனுஷர்கள் பக்கத்தில் இருப்பவனைத்தான் முதலில் கடிப்பார்கள். அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தெருவில் நுழைந்ததும் ஆரம்பித்தது. குதிரை வந்துவிட்டது, வண்டி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். நுகத்தடியை எடுத்துவரட்டுமா என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரம்மா, இதற்குப் புல் போடுவீர்களா சோறு போடுவீர்களா என்று நிஜமாகவே கேட்டாள். நான் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, வழி நெடுக நடந்ததைச் சொன்னேன். தப்பு செய்துவிட்டோம், இது பாப்பாவைவிடப் பயந்தாங்கொள்ளி என்றேன்.

"ஆங், பாத்தேனே" என்று சொல்லிவிட்டு அக்கா அண்டாவில் தண்ணீர் எடுத்துவந்து அதன் முன்னால் வைத்தாள்.

பாப்பா கதவுக்குப் பின்னால் போனவள் அன்று முழுதும் வெளியே வரவில்லை. தெருவைப் பார்த்த அறைக்குக் கம்பி வைத்த ஜன்னல் ஒன்று உண்டு. மறுநாள் காலை பாப்பா அதன் உள்விளிம்பில் ஏறி உட்கார்ந்து, வெளியே வாசலோரம் கட்டிப்போட்டிருந்த நாயை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் நான் கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டேன். நாய் ஜன்னலருகில் வந்தது. வேறு எந்த நாயானாலும் எம்பிக் குதித்து, காலைத் தூக்கிச் சுவரைப் பிராண்டியிருக்கும். இது குதிக்கவேண்டியதே இல்லை. நின்றபடி, ஜன்னல் விளிம்பில் தாடையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டது. உயரம் சரியாக அமைந்தது. நீலகிரியில் நான் பார்த்த மேஜைக் காட்சி எனக்கு ஞாபகம் வந்தது. பாப்பா உள்ளே பின்னால் நகர்ந்தாள், ஆனால் இறங்கி ஓடவில்லை.

"மாமா, இது இன்னா தின்னும்?" என்று கேட்டாள். நான் வந்ததிலிருந்து அவள் என்னிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அது என்ன தின்னும் என்பதில்தான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். விமான தளத்தில் மாட்டுக்கறியும் ரொட்டியும் தின்று வளர்ந்தது. வேண்டுதல் இருக்கிற வீட்டில் அதற்கு வழியில்லை. எருமைக்கன்று மாதிரி நாய் என்று நினைத்து நினைத்து அக்கா தீவனத்தையும் அப்படியே வைத்துவிட்டாள். ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, கேழ்வரகுக் களி, மேலே இரண்டு செம்பு மோர். மரியாதை தெரிந்த நாய். வைத்ததையெல்லாம் தின்றது. தின்றுவிட்டு ஒரு வாரம் வயிறு உப்பி, வயிறு போய், விலா எலும்பு தெரியத் தொடங்கிற்று. படுத்தால் எழுந்திருக்க யோசித்தது. பாப்பா ஜன்னலில் உட்கார்ந்து களியுருண்டையைக் கம்பி வழியாக நீட்டுவாள். அது அவள் கையிலிருந்து உதட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளும், மெதுவாகக் கீழே வைத்துவிடும்.

"கன்னுக்குப் புண்ணாக்கு புடிக்கலம்மா" என்று பாப்பாதான் அக்காவிடம் சொன்னாள். அதற்குக் கன்னு என்றே பெயர் வைத்துவிட்டாள். அக்கா சட்டியைப் பார்த்தாள், நாயின் விலாவைப் பார்த்தாள். தன் தவறு அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் வேண்டுதலும் நாயும் இரண்டு பக்கம் இழுக்க, அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வழி கண்டுபிடித்தது பாவா. வேண்டுதல் வீட்டுக்குத்தானே, வேலிக்கு அந்தாண்ட என்ன என்றார். கொல்லை வேலிக்கு அப்பால், அறுவடை முடிந்த கடலைக் காட்டில் மூன்று கல்லை வைத்து, மண்ணெண்ணெய் டின்னில் கறிக்கடை எலும்பும் சவ்வும் போட்டு வேகவைப்பார். அவர் இல்லாத நாட்களில் நான். நாயை அங்கேயே கூட்டிப்போய்த் தின்னவைத்து, வாயைக் கழுவி, நாங்களும் கிணற்றில் தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வரவேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். நாயும் குளிக்கவேண்டும். ரயில்வேயில் இருபது வருஷம் வேலை செய்து ஒரு நாயைக் குளிப்பாட்டி விடுகிறவனாக ஆகிவிட்டேன் என்று பாவா சொல்வார். சொல்லும்போது தேங்காய் நார் போட்டு அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பத்து நாளில் அதன் தோல் மறுபடி பளபளத்தது.

ஆடி பிறந்தது. தெருவில் தூரத்து ஊர்க் காவடிக் கூட்டங்கள் வரத்தொடங்கின. பாப்பா இப்போது ஜன்னலில் உட்கார்ந்து நாயின் காதை மடித்து மடித்துப் பார்ப்பாள். அது உள்ளே வந்தால் அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டு சிலேட்டில் எழுதுவாள். ஆனால் வாசற்படி அப்படியே இருந்தது. நான் ஒரு தடவை நாயைக் கீழே நிறுத்தி அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் படிவரை வந்து திரும்பிவிட்டாள். கிருத்திகைக்கு ஒன்பது நாள் இருந்தது. சின்னக் காவடி ஒன்றை அக்கா வாங்கி மாடத்தில் சாய்த்து வைத்திருந்தாள்.

அன்று காலை நான் கயிற்றைப் பிடித்தபடி எதிர்வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். நாய் பக்கத்தில் நின்றது. தெருமுனையில் பம்பைச் சத்தத்தோடு ஒரு காவடிக் கூட்டம் திரும்பியது. அந்தச் சத்தத்தில் மிரண்ட தெருநாய்கள் மூன்று எங்கள் பக்கம் ஓடிவந்தன. இதைக் கண்டதும் நின்று உறுமின. கயிறு என் கையை உரித்துக்கொண்டு போயிற்று. நாய் வீட்டுக்கு ஓடப் பார்த்தது. ஒன்று குறுக்கே வந்து மறித்தது. எதிர்ச்சுவரின் மூலையில் போய்ப் பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி நின்றது. மூன்றும் அரைவட்டமாக நின்று குரைத்தன. அதன் கால் நாலும் நடுங்கின. நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டது.

தெருவே சிரித்தது. "அதுக்கொரு சேலை கட்டி உள்ள குந்தவைங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். நான் குச்சி தேடிக் குனிந்தேன். அதற்குள் அக்கா படியிறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். பால் கையின் ஈரம்.

"இரு" என்றாள். அவள் நாயைப் பார்க்கவில்லை. தெருவுக்கு முதுகைக் காட்டி, வீட்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். ஜன்னலில் பாப்பா இல்லை.

கதவு திறந்தது. பாப்பா களி கிளறுகிற துடுப்பைக் கையில் வைத்திருந்தாள். அவள் உயரத்துக்கு அது முக்கால்வாசி இருந்தது. முதல் படி, இரண்டாவது, மூன்றாவது. கடைசிப் படியில் கொஞ்சம் நின்றாள். அவள் காலைப் பார்த்தேன். கெண்டைக்காலில் தழும்பு இருந்த இடம் துடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் விரல்கள் என் கையை நெரித்தன. இந்த இடத்தில் நானாக இருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன். அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பெற்றவள் அப்படி நிற்பதற்கு என்ன பலம் வேண்டும் என்று நான் பின்னால் பல ஊர்களில் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பாப்பா தெருவில் இறங்கி நடந்தாள். ஓடவில்லை. துடுப்பைத் தரையில் அடித்தாள். மூன்றில் இரண்டு உடனே ஒதுங்கின. மூன்றாவது அவள் பக்கம் திரும்பி உறுமியது. பாப்பா மறுபடி அடித்தாள். இந்தத் தடவை அதன் மூக்குக்கு நேரே. அது வாலை இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டது. பாப்பா பெரிய நாயின் காதைப் பிடித்தாள். அது தலையைத் தாழ்த்தி அவள் பின்னால் வந்தது. சிரித்த தெருவுக்கு நடுவில் இருவரும் நடந்து வந்தார்கள். யாரும் அப்போது சிரிக்கவில்லை.

படியருகில் வந்ததும் பாப்பா அக்காவை அண்ணாந்து பார்த்தாள்.

"அதுக்குப் பயம்மா. நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னுகினு சும்மா பாத்துகினு கீறீங்க."

அக்கா ஆமாம் தப்புதான் என்றாள். பிறகு உள்ளே போய் வெகுநேரம் அடுப்படியில் இருந்தாள்.

விமான தளத்தில் அந்த நாய் அவளுக்குப் பின்னால் ஒளிந்த நொடியிலேயே அக்கா முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. உயரத்துக்காகத் தேடினாள், பயத்தைப் பார்த்து எடுத்தாள். நான் அன்றிரவு அதைச் சொன்னபோது, உனக்கு எல்லாமே நடந்தபிறகுதான் தெரியும் என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

கிருத்திகையன்று பாப்பா மஞ்சள் பாவாடை கட்டி, தோளில் அந்தச் சின்னக் காவடியோடு நடந்தாள். அக்கா முன்னால் போனாள். பாவா லீவு போட்டுவிட்டுப் பூசைத்தட்டோடு வந்தார். நான் நாயைப் பிடித்துக்கொண்டு பாப்பாவின் பக்கத்தில் நடந்தேன். குளத்தங்கரைத் தெரு வந்தது. பங்குனியில் கடி வாங்கிய அதே இடம். வலது பக்கம் திண்பண்டக் கடைகளின் கீழே தெருநாய்கள் படுத்திருந்தன. நாய் என் காலோடு ஒட்டியது. பாப்பா காவடியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். எங்களைச் சுற்றி வந்து வலது பக்கத்தில் நடக்கத் தொடங்கினாள், தெருநாய்களுக்கும் எங்களுக்கும் நடுவில்.

படிகளின் அடியில் என்னையும் நாயையும் விட்டுவிட்டு மூவரும் ஏறினார்கள். அவ்வளவு கூட்டத்தில் மஞ்சள் பாவாடை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அன்று மாலை வண்டியில் குண்டக்கல் பக்கம் போய்விடுவதாக இருந்தேன். துணிமூட்டையைக் காலையிலேயே கட்டி வைத்திருந்தேன். நாய் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, முழுப் பாரத்தையும் என் முதுகில் சாய்த்தது. கையை ஊன்றிக்கொண்டேன். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. யாரோ ஒருவர் அதன் காலடியில் ஒரு வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஸ்டேஷன் பக்கம் வண்டி ஊதுவது கேட்டது. அது எந்த வண்டி என்று எழுந்து பார்க்க முடியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் பாப்பா இறங்கி வந்தாள். நெற்றியில் விபூதி, உள்ளங்காலெல்லாம் சிவந்திருந்தது. பாவா தூக்கிக்கொள்ளக் குனிந்தார், அவள் விலகிக்கொண்டாள்.

"குடு மாமா" என்று கையை நீட்டினாள். கயிற்றைக் கொடுத்தேன். அது எழுந்து அவள் பின்னால் நடந்தது. நாங்கள் மூன்று பேரும் அவர்களுக்குப் பின்னால் நடந்தோம்.